போத்தலைத் திருப்பினால் தெரிவது

திருகோணமலைப் பக்கத்து நாலு பேரின் கடிதங்கள்

உவர்மலையிலிருந்து

போன வருடம் அம்மாவுக்கு டெங்கு வந்தது. காய்ச்சல் மாறி மூன்று மாதம் இருக்கும், தலை இழுக்கும்போதெல்லாம் சீப்பு நிறைய முடி. குளித்துவிட்டு வந்தால் வடிகானில் உருண்டை உருண்டையாகத் தேங்கி நிற்கும். அம்மா பயந்துவிட்டார். மத்திய வீதியில் ஒரு கடையில் 1,800 ரூபாய் கொடுத்து மூலிகை எண்ணெய் ஒன்று வாங்கிவந்தார். 200 மில்லிலீட்டர். முன்பக்கத்தில் கையாந்தகரை, நெல்லிக்காய், செவ்வரத்தம்பூ, முழங்கால் வரை கூந்தல் விட்ட ஒரு பெண்.

பின்பக்கத்து எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. போனில் படம் எடுத்துப் பெருப்பித்து, பழைய கொப்பி ஒன்றில் ஒவ்வொரு பெயராக எழுதினேன். முதல் பெயர் பாரஃபினம் லிக்விடம். அதாவது பெற்றோலியத்திலிருந்து எடுத்துச் சுத்திகரித்த எண்ணெய். குழந்தைகளுக்குப் பூசும் 'பேபி ஒயில்' பலவற்றில் இருப்பதும் இதுதான். அடுத்தது ஒரு பாமாயில் வகை. மூன்றாவது பார்ஃபம், அதுதான் வாசனை. அதற்கும் பின்னால்தான் எக்லிப்டா ஆல்பா, எம்பிலிகா அஃபிசினாலிஸ் என்று வந்தன. எக்லிப்டா ஆல்பா எங்கள் கையாந்தகரை, மற்றது நெல்லி. செவ்வரத்தையின் பெயர் ஹைபிஸ்கஸ் ரோசா-சினென்சிஸ். அது பட்டியலிலேயே இல்லை, படத்தில் மட்டும்தான்.

இந்த வரிசைக்கு ஒரு கணக்கு உண்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சட்டமே இதுதான், அந்த முறையைப் பின்பற்றும் லேபிள் எல்லாவற்றையும் அப்படியே வாசிக்கலாம். எடையில் கூடுதலாகச் சேர்ந்தது முன்னால், குறைவாகச் சேர்ந்தது பின்னால். 1 சதவீதமும் அதற்குக் குறைவாகவும் இருப்பவற்றை மட்டும் தயாரிப்பாளர் தன் விருப்பப்படி எந்த ஒழுங்கிலும் எழுதலாம். நிறச்சாயங்கள் கடைசியில். அப்படியானால் அந்த 1 சதவீதக் கோடு எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கிரீம், ஷாம்பு வகைகளில் ஃபீனாக்சிஎத்தனோல் என்ற பெயரைத் தேடுவேன். பழுதாகாமல் இருக்கப் போடுவது அது, ஐரோப்பிய விதிப்படி 1 சதவீதத்துக்கு மேல் போட முடியாது. ஆகவே அதற்குக் கீழே நிற்கிற கற்றாழை, மஞ்சள், வேப்பிலை ஒவ்வொன்றும் ஆகக் கூடினாலும் நூறில் ஒரு பங்கு. இந்த ஒன்று பிடிபட்ட பிறகு கடையில் நான் நிற்கிற நிலையே மாறிவிட்டது.

பாரஃபின் எண்ணெய் விஷமில்லை. முடிக்கு மேலே படலமாக நின்று வழுவழுப்புத் தரும். அவ்வளவுதான், உள்ளே போகாது. 2003இல் இந்திய ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், பாரஃபின் எண்ணெய் மூன்றையும் முடியில் பூசிச் சோதித்துப் பார்த்தார்கள். முடியிலிருந்து புரதம் கழன்று போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் ஒன்றுதான். அதிலிருக்கும் லோரிக் அமிலத்தின் மூலக்கூறு நேராகவும் சிறிதாகவும் இருப்பதால் முடித்தண்டுக்குள் நுழைகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். 1,800 ரூபாய்க்கு ஒரு போத்தல் நல்ல தேங்காய் எண்ணெய் வாங்கி மிச்சக் காசும் கொண்டுவந்திருக்கலாம். அதுதான் எனக்கு ஆறவில்லை.

அம்மாவின் முடி கொட்டியது நின்றது. ஆனால் எண்ணெயால் அல்ல. கடும் காய்ச்சல் வந்தால் நிறைய முடிகள் ஒரே நேரத்தில் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும், இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் உதிரும், பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே அடங்கும் என்று வைத்தியர் விளக்கினார். யார் எதைப் பூசியிருந்தாலும் அந்த நேரத்தில் நின்றிருக்கும். எத்தனை போத்தல்களுக்கு இப்படிப் பெயர் கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கிண்ணியாவிலிருந்து

உங்கள் கையில் வாசிக்க ஒரு பட்டியலாவது இருந்தது. என் தங்கச்சிக்கு வைத்த மருதோண்டிக் கோனில் அதுவும் இல்லை.

கலியாணத்துக்கு முதல் நாள் இரவு. வழக்கமாக உம்மா இலை அரைத்துத்தான் வைப்பார். இந்தமுறை நேரமில்லை என்று கோன் வாங்கினோம். அரை மணித்தியாலத்தில் கழுவினால் கரிக்கறுப்பாக நின்றது. வந்தவர்கள் எல்லோரும் "என்ன வடிவு" என்றார்கள். நாலாம் நாள் கையில் அரிப்பு, அப்புறம் கொப்புளம். கோடு எங்கெங்கே ஓடியதோ அதே கோட்டில், பூவுக்குப் பூ, கொடிக்குக் கொடி, கொப்புளம். பெருவிரலுக்குக் கீழே இருந்த மாங்காய் வடிவத்தை இப்போதும் வெளிறிய தழும்பாகப் பார்க்கலாம்.

தோல் வைத்தியர் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு நேரத்தில் கறுத்தது?" என்பதுதான். மருதோண்டி இலையில் உள்ள சாயம் லோசோன். அது முதலில் செம்மஞ்சளாகப் பிடித்து, இரண்டு நாளில் கபிலமாக இறுகும். கறுக்காது. அரை மணித்தியாலத்தில் கறுத்தால் அதில் பரா-பீனைலீன்டயமீன் கலந்திருக்கலாம், முடிக்கு அடிக்கும் கறுப்புச் சாயத்தில் உள்ள அதே பொருள். முடிச்சாயத்தில் ஐரோப்பா அனுமதிப்பது தலையில் படும்போது 2 சதவீதம் வரைக்கும். தோலில் கோலம் போட அதற்கு அனுமதியே இல்லை.

பெரிய கவலை வேறு. ஒருமுறை உடம்பு அதை எதிரியாகப் பழகிவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் மறக்காது. தங்கச்சிக்கு இப்போது 24 வயது. நாளைக்கு நரைத்தாலும் சாதாரண முடிச்சாயம் அவளுக்கு ஆபத்து. சாயப் பெட்டிகளில் 48 மணித்தியாலத்துக்கு முன் கொஞ்சம் பூசிப் பாருங்கள் என்று எழுதியிருப்பதைத் தாண்டிப் போகாதீர்கள். கோன் வாங்குகிறவர்கள் உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள், பதில் இல்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள். உம்மா பெருநாளுக்கு மறுபடி அம்மியில் இலை அரைக்கத் தொடங்கிவிட்டார்.

பாலையூற்றிலிருந்து

இது என் மச்சாளின் கதை. அவள் சம்மதித்துத்தான் எழுதுகிறேன்.

சின்னக் கிண்ணம் மாதிரி ஒரு டப்பாவில் முகம் வெளுக்கும் கிரீம். தயாரித்தவர் முகவரி இல்லை, சேர்மானம் இல்லை, முடிவுத் திகதி இல்லை. மூன்று கிழமையில் முகம் பளபளவென்று ஆனது உண்மை. அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வாங்கினார்கள். நாலாம் மாதம் கன்னத்தில் நூல் நூலாகச் சிவந்த நரம்பு, தாடை ஓரத்தில் பூனைமுடி, நெற்றி முழுக்கப் பரு. பூசாமல் விட்டால் அன்று மாலையே எரியும், மறுபடி பூசினால் அடங்கும். அதனால் அதுதான் மருந்து என்று அவள் நம்பினாள்.

வைத்தியர் பார்த்த உடனேயே ஸ்டீரோய்ட் என்றார். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசோல் போன்றவை மருந்துகள். சொரியாசிஸ், எக்சிமா போன்ற தோல் நோய்களுக்குக் குறிப்பிட்ட நாட்களுக்கு எழுதிக் கொடுப்பவை. மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலிந்துபோகும். அவர் சிறுநீர்ப் பரிசோதனைக்கும் எழுதினார். ஏன் என்று கேட்டேன். இந்த மாதிரிக் கிரீம்களில் பாதரசமும் இருப்பதுண்டு, அது தோலில் நிறம் உண்டாவதைத் தடுக்கும், ஆனால் உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்றார். லேபிள் இருந்தாலும் பாதரசம் என்று எழுதமாட்டார்கள். கலமெல், மெர்கியூரிக் அயடைட், அமோனியேற்றட் மெர்குரி, இப்படி இருக்கும். 2013இல் மினமாட்டா ஒப்பந்தம் என்று உலக நாடுகள் கூடிக் கையெழுத்திட்டு, 1 பிபிஎம்முக்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனப் பொருட்களை ஒழிக்க ஒத்துக்கொண்டன. 1 பிபிஎம் என்றால் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு.

அம்மா பூசினால் மடியில் கிடக்கும் குழந்தைக்கும் அது போகும். மச்சாளின் மகளுக்கு அப்போது எட்டு மாதம். இரண்டு பேருடைய பரிசோதனை முடிவும் வரும்வரை அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நல்லவேளை, பாதரசம் இல்லை. ஸ்டீரோய்டை வைத்தியர் படிப்படியாக நிறுத்தினார், முகம் பழையபடி வர ஒரு வருடம் எடுத்தது.

முகவரி இல்லாத டப்பாவை வாங்காதீர்கள். வாங்கிவிட்டீர்கள் என்றால் எறியாதீர்கள், வைத்தியரிடம் காட்ட வேண்டும். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். அவள் நிறம் எப்போதும் வடிவான நிறம்தான், அதைச் சின்ன வயதில் யாரும் அவளிடம் சொல்லவில்லையே என்பதுதான் எனக்குக் கவலை.

நிலாவெளியிலிருந்து

சன்ஸ்கிரீன் பற்றி ஒன்று. புறாத்தீவுக்குப் படகில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். பவளப்பாறைக்கு மேலே நீந்தப் போகிறவர்களிடம் டியூபைக் காட்டச் சொல்லுவேன். ஹவாயில் 2018இல் சட்டம் போட்டு, 2021இலிருந்து ஒக்சிபென்சோன், ஒக்டினோக்சேட் என்ற வெயில் தடுப்புப் பொருட்கள் உள்ளவற்றை விற்கத் தடை செய்தார்கள், பவளத்துக்குக் கெடுதல் என்று. ஆனால் டியூபில் வேறு பெயரிலும் இருக்கும்: பென்சோபீனோன்-3, எத்தில்ஹெக்சைல் மெத்தொக்சிசின்னமேட். சிங்க் ஒக்சைட், டைட்டானியம் டைஒக்சைட் என்றிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. அதைவிட நல்லது முழுக்கைச் சட்டை.

மீண்டும் உவர்மலையிலிருந்து

தம்பலகாமத்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார், சவர்த் தண்ணீரில் என்ன போட்டுத் தலை முழுகினாலும் முடி ஏன் பிசுபிசுக்கிறது என்று. சவர்க்காரம் இந்த மாதிரிக் கடினநீரிலுள்ள கல்சியத்தோடு சேர்ந்து வெள்ளைக் கசடாகி முடியில் ஒட்டும். ஆகவே தலைக்குச் சவர்க்காரம் வேண்டாம். ஷாம்பில் இருக்கும் சோடியம் லோரெத் சல்ஃபேட்டுக்கு அந்தப் பிரச்சினை குறைவு. டைசோடியம் ஈடிடிஏ அல்லது டெட்ராசோடியம் ஈடிடிஏ என்ற பெயரும் இருந்தால் இன்னும் நல்லது, கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு கழுவலோடு போய்விடும். கடைசி ஒரு வாளியாவது மழைத்தண்ணீரோ குழாய்த்தண்ணீரோ ஊற்றிப் பாருங்கள், அக்கா.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், முன்னம் எழுதியதில் விட்டுப்போனது. பின்னால் நிற்பதெல்லாம் வீண் இல்லை. விட்டமின் ஏ வகையான ரெட்டினோல் 1 சதவீதத்துக்குக் குறைவாகவே வேலை செய்யும். மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பாதுகாப்புப் பொருளோ கடுகளவிலேயே ஒவ்வாமை தரும். பூசிக் கழுவாமல் விட்டுவிடும் கிரீம்களில் ஐரோப்பா 2017இலிருந்து அதைத் தடுத்துவிட்டது. ஆகவே வரிசையோடு பெயரையும் பார்க்க வேண்டும்.

போன சனிக்கிழமை அம்மாவோடு ஷாம்பு வாங்கப் போனேன். ஒன்றில் முன்னால் பெரிய கற்றாழை மடல், பின்னால் அதன் பெயரான அலோ பார்படென்சிஸ் பதினாறாவதாக, ஃபீனாக்சிஎத்தனோலுக்கு அப்புறம். மற்றது படமே இல்லாத வெள்ளைப் போத்தல், விலை பாதி, முதல் ஆறு பெயரும் அச்சொட்டாக அதே. நான் இரண்டையும் பக்கத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அந்தப் பக்கம் அம்மா கடைப்பிள்ளையிடம் பழைய எண்ணெய்ப் போத்தலை நீட்டிக் கேட்கிறார்: "பிள்ளை, இதில கையாந்தகரை எத்தினையாவது எண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ."