பாத்ரூம் வேலை, பைப்காரரோடு தகராறு: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

லயன்வீட்டு மகள், சுங்கை சிப்புட்

ஆறு மாதமாக மனசில் கிடக்கிறது. எழுதிவிடுகிறேன்.

எங்களுடையது 1994இல் அப்பா 25,000 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) வாங்கிய மலிவு விலை வீடு. அந்த வீடுகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். குளிக்க ஒரு சின்ன அறை, ஒட்டினாற்போல் குந்தி உட்காரும் கக்கூஸ். அம்மா முப்பது வருஷம் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர். இப்போது இரண்டு முட்டியும் போய்விட்டது. குந்தினால் எழ முடியாமல் உள்ளே இருந்து என்னைக் கூப்பிடுவார். அதனால் நடுச் சுவரை எடுத்துவிட்டு, உட்காரும் பீங்கான் வைத்து, புது டைல்ஸ் போடலாம் என்று முடிவு செய்தோம். தீபாவளிக்கு ஐந்து வாரம் இருந்தது.

வேலைக்கு வந்தவர் எங்கள் பழைய தோட்டத்துக்காரர். அம்மாவை அக்கா என்பார், நான் மாமா என்பேன். பேசிய தொகை 5,200 வெள்ளி. பீங்கான் வந்த அன்று அதைக் கூடத்திலேயே வைத்து, அதன்மேல் அம்மாவை உட்காரச் சொன்னார். "எழுந்திரிங்க அக்கா" என்றார். எழும்போது அம்மாவின் கை எங்கே போகிறது என்று பார்த்து, அந்த உயரத்தைப் பென்சிலால் சுவரில் கோடு போட்டு அளந்தார். கைப்பிடி வைக்க. கைப்பிடிக்கு அவர் காசு வாங்கவில்லை.

அப்போதே ஒன்று சொன்னார். "பாப்பா, சுவருக்குள்ள ஓடுறது பழைய இரும்புப் பைப்பு. அடுப்படி வரைக்கும் மொத்தமா மாத்திடுவோம், இன்னும் 900 வெள்ளி ஆகும்." கையில் பணம் இல்லை. பாத்ரூமுக்குள் இருப்பதை மட்டும் மாற்றினால் போதும் என்றேன். புது பைப்பைப் பழைய பைப்பில் இணைத்து முடித்தார். முழுப் பணமும் கொடுத்துவிட்டேன்.

தீபாவளி முடிந்து மூன்றாவது வாரம், அடுப்படிச் சுவர் பெயிண்ட் உப்பியது. எல்லா பைப்பையும் மூடிவிட்டு மீட்டரைப் பார்த்தால் உள்ளே இருக்கும் சின்னச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. கேபினட்டுக்குப் பின்னால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அம்மா தோட்டத்தில் இருந்து கொண்டுவந்து வைத்திருந்த ரப்பர் பால் பிடிக்கும் பழைய மங்கு ஒன்றை அதற்குக் கீழே வைத்தார். ராத்திரி முழுக்க அந்தச் சத்தம்.

போன் பண்ணிக் கத்தினேன். "தெரிஞ்சவர்னு நம்பினேன், ஏமாத்திட்டீங்க" என்று சொல்லிவிட்டேன். 1,200 வெள்ளியைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். "என் ஜாயிண்ட் விடாது பாப்பா, அடுப்படிப் பக்கம் உடைச்சுப் பார்ப்போம்" என்றார். இனிமேல் என் வீட்டில் நீங்கள் சுத்தியலைத் தொட வேண்டாம் என்றேன்.

இரண்டு நாள் கழித்து பொழுது சாயும் நேரத்தில் மோட்டாரில் வந்தார். எங்கேயோ வேலை முடித்து வந்திருக்கிறார், முழங்கை வரைக்கும் சிமிந்தி. முதலில் வெளிப் பைப்பில் கை கழுவினார். நகத்துக்குள் இருந்ததைக்கூடத் தேய்த்துக் கழுவினார். சட்டையில் துடைத்துக்கொண்டு பையில் இருந்து பணத்தை எடுத்து எண்ணினார். பத்து வெள்ளியும் ஐம்பது வெள்ளியுமாக 700. "மீதி அடுத்த மாசம் பாப்பா." அம்மா, "வேணாம்யா, வச்சுக்கோ" என்றார். நான் வாங்கிக்கொண்டேன்.

ஜனவரியில் வேறு ஆளை வைத்துச் சுவரை உடைத்தேன். மாமா போட்ட ஜாயிண்ட் காய்ந்து கிடந்தது. அதற்கு ஒரு சாண் கீழே, பழைய இரும்புப் பைப்பில் துரு தின்ற ஓட்டை.

அந்த 700 வெள்ளி இன்னும் அலமாரியில் இருக்கிறது. அவர் கை கழுவியதுதான் கண்ணிலேயே நிற்கிறது.


குழாய்த் தொழிலாளி

தங்கச்சி, படித்தேன். நானும் அதே தொழில், 22 வருஷம். பழைய இரும்புப் பைப்பில் புது பைப்பை இணைக்கும்போது மரை வெட்டுவோம், ரெஞ்ச் போட்டு இறுக்குவோம். அந்த ஆட்டத்தில் பக்கத்தில் மெலிந்துபோன இடம் விட்டுவிடும். அவர் தப்பு என்றும் சொல்ல முடியாது, அவர் கை படவே இல்லை என்றும் சொல்ல முடியாது. அதனால்தான் மொத்தமாக மாற்றச் சொல்கிறோம். வீட்டுக்காரர்கள் நாங்கள் காசு பார்க்கச் சொல்கிறோம் என்று நினைக்கிறார்கள்.

என் கதை சின்னது. ஒரு வீட்டில் பீங்கானை அவர்களே ஆன்லைனில் வாங்கி வைத்துவிட்டார்கள். சுவரில் இருந்து தரையில் இருக்கும் ஓட்டையின் நடு வரைக்கும் அளவு பத்து இஞ்ச். பீங்கான் ஆறு இஞ்சுக்குச் செய்தது. வைத்தால் சுவருக்கும் தொட்டிக்கும் நடுவில் நாலு இஞ்ச் இடைவெளி விழும், இல்லை என்றால் தரையை உடைத்து ஓட்டையை நகர்த்த வேண்டும் என்றேன். "வச்சிடுங்க, பரவாயில்ல" என்றார் வீட்டுக்காரர். வைத்தேன். மறுநாள் அந்த இடைவெளியைப் படம் பிடித்து, பக்கத்தில் நான் குனிந்து வேலை செய்யும் படத்தையும் போட்டு, இந்த ஆளைக் கூப்பிடாதீர்கள் என்று பேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள். என் மகள் அப்போது இடைநிலைப் பள்ளியில் படிவம் இரண்டு. பள்ளிக்கூடத்தில் யாரோ காட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் பழைய நீலச் சட்டையை எடுத்து மடித்து உள்ளே வைத்துவிட்டாள். படத்தில் நான் போட்டிருந்த சட்டை.

அதற்கப்புறம் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் பைப்பில் தண்ணீர் ஏற்றி, வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டாமல் ஒரு சுவரையும் நான் மூடுவதில்லை.


கமலா அக்கா, கோலகங்சார்

மேலே எழுதிய தம்பி, உங்கள் மகளுக்கு நடந்தது கஷ்டம்தான். ஆனால் எல்லாப் பழியும் வீட்டுக்காரர் மேலே என்பது போல எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

நான் எதையும் ஆன்லைனில் வாங்கவில்லை. அளவில் தலையிடவில்லை. கேட்ட பணத்தைக் கொடுத்தேன். வேலை முடிந்த அன்று பார்க்க அழகாகத்தான் இருந்தது. என் பேரன் கையில் கோலிக்குண்டு வைத்திருந்தான். பாத்ரூம் தரையில் விட்டான். அது தண்ணீர் போகும் துவாரத்தின் பக்கத்தில் இருந்து மெதுவாக உருண்டு, கதவுப் பக்கம் வந்து, வாசல்படியில் முட்டி நின்றது. பேரன் சிரித்தான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. தரை முழுக்கத் தலைகீழ் வாட்டம். ஒவ்வொரு முறை குளித்ததும் தண்ணீர் கதவடியில் தேங்கும்.

பைப்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "தள்ளுகட்டை ஒன்னு வாங்கித் தள்ளி விடுங்க அக்கா, எல்லா வீட்டுலயும் அப்படித்தான்" என்றார். என் கணவர் அப்போது பக்கவாதத்தில் இருந்தார். ஈரத் தரையில் அவரை நடத்திக் கூட்டிப்போவது எப்படி இருக்கும் என்று அந்த ஆளுக்குத் தெரியும், அவர் கண்ணெதிரே சக்கர நாற்காலி நின்றது. மூன்று மாதம் நான் குனிந்து குனிந்து தள்ளினேன். பிறகு வேறு ஆளைவிட்டு எல்லா டைல்ஸையும் பெயர்த்து, அடியில் சிமிந்தி வாட்டத்தில் இருந்து மறுபடி போட்டோம். ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது துவாரத்தை நோக்கி இறங்க வேண்டும் என்று அந்தப் புது ஆள் நூல் கட்டிக் காட்டினார். ஒரு நூல், இரண்டு ஆணி. முதல் ஆளுக்கு அது கூடவா முடியவில்லை?

தங்கச்சி, உங்கள் மாமா நல்லவராகத் தெரிகிறார். எல்லாருக்கும் அப்படி வாய்ப்பதில்லை.


ஓய்வுபெற்ற வாத்தியார், ஈப்போ

இங்கே பலருக்குத் தங்கள் உரிமை தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன். என்னிடம் ஒரு குத்தகைக்காரர் 3,500 வெள்ளி முன்பணம் வாங்கி, பாத்ரூம் தரையை முழுக்க உடைத்துப் போட்டுவிட்டு வரவே இல்லை. பதினொரு நாள் தம்பி வீட்டில் போய்க் குளித்தோம். நான் பயனீட்டாளர் (நுகர்வோர்) நடுவர் மன்றத்துக்குப் போனேன்.

இது 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த மன்றம். ஈப்போவிலும் கிளை இருக்கிறது. மனுக் கட்டணம் ஐந்தே வெள்ளி. முன்பு 25,000 வெள்ளி வரைக்கும்தான் கேட்க முடியும், 2019இல் அதை 50,000 ஆக உயர்த்திவிட்டார்கள். பிரச்சினை நடந்து மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். போராங் 1 (மனுப் படிவம்) நிரப்பி, அதன் பிரதியை எதிர்த்தரப்பிடம் சேர்ப்பிக்க வேண்டும். அவர் பதினான்கு நாளுக்குள் போராங் 2இல் பதில் கொடுக்க வேண்டும். பொதுவாக வழக்கறிஞருக்கு இடமில்லை, நாமே பேச வேண்டும். தமிழில் யோசித்து மலாயில் பேசினாலும் பொறுமையாகக் கேட்கிறார்கள். தீர்ப்பு வந்து பதினான்கு நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் அது குற்றம், அபராதமும் சிறையும் உண்டு. வேலையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் அது பொருந்தும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மன்றத்தில் மனுப் போடப் பயனீட்டாளருக்கு மட்டுமே உரிமை. பைப்காரருக்கு வீட்டுக்காரர் பாக்கி வைத்தால், அவர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்காகப் போட வேண்டும். அதற்கு 5,000 வெள்ளிதான் எல்லை. குழாய்த் தொழிலாளித் தம்பிக்கு இது உதவும்.

அப்புறம், வேலை தொடங்குமுன் என்னென்ன செய்வார், எந்தப் பைப்பு, எத்தனை நாள், எப்போது எவ்வளவு பணம் என்று தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பாதிக்குமேல் முன்பணம் கொடுக்காதீர்கள். நீர்க்காப்புப் பூச்சு பூசியதும் துவாரத்தை அடைத்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டி வைத்து, அளவு குறைகிறதா என்று பாருங்கள். பூச்சு தரையோடு நிற்காமல் சுவரிலும் ஓர் அடியாவது ஏற வேண்டும், குளிக்கும் பக்கம் ஆள் உயரத்துக்கு. ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து வாட்சாப்பில் அவருக்கே அனுப்புங்கள். தேதியோடு பதிவாகிவிடும். தங்கச்சி விஷயத்தில், 900 வெள்ளி வேலையை வேண்டாம் என்று சொன்னதற்கு எழுத்தில் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் இந்தத் தகராறே இல்லை.

எனக்குச் சாதகமாகத்தான் தீர்ப்பு வந்தது. விசாரணை அன்று அந்தக் குத்தகைக்காரர் மனைவியோடு வந்திருந்தார். கைக்குழந்தை வேறு. குழந்தை அழுதபோது என் மனைவி எழுந்து போய் வாங்கித் தூக்கி வைத்துக்கொண்டாள். மேஜைக்கு இந்தப் பக்கம் நான் ரசீதுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.


தாமான்வாசி

வாத்தியார் ஐயா, சொன்னது எல்லாம் பயன்தான், நான் குறித்து வைத்துக்கொண்டேன். ஆனால் அந்த அக்கா வழக்குப் போட வழி கேட்கவில்லை. வாங்கிய பணம் கையைச் சுடுகிறது என்கிறார்.

என் அப்பாவும் இந்த வேலைதான் செய்தார். தோட்டத்தில் ஒரு லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) ஒரு பைப்பு இருந்த காலத்தில், காலையில் வாளி வரிசை நிற்கும்போது வாஷர் போய்விட்டால் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். அப்படியே கற்றுக்கொண்டது. தோட்டம் மூடிய பிறகு டவுனுக்கு வந்து அதையே தொழிலாகச் செய்தார். யாராவது குறை சொன்னால் வாக்குவாதம் செய்யமாட்டார், பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அம்மா திட்டுவார். "அடுத்த வேலைக்கு யாரு கூப்பிடுவா?" என்பார் அப்பா. ஊர் சின்னது, ஒரு வீட்டில் பேர் கெட்டால் நாலு தாமானுக்கு (குடியிருப்புக்கு) போய்விடும். உங்கள் மாமா 700 வெள்ளியை எண்ணி வைத்ததும் அந்தப் பயத்தில்தான் இருக்கும். தப்பை ஒத்துக்கொண்டார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அக்கா, போய்ப் பாருங்கள். போன் பண்ணாதீர்கள், நேரில் போங்கள்.


கமலா அக்கா, கோலகங்சார்

தாமான்வாசித் தம்பி சொன்னது சரி. வாத்தியார் ஐயா, எனக்கு அந்த மூன்று வருஷக் கணக்கு இன்னும் தாண்டவில்லை. போராங் எங்கே கிடைக்கும் என்று தனியாகக் கேட்கிறேன்.


லயன்வீட்டு மகள், சுங்கை சிப்புட்

எல்லாருக்கும் நன்றி. குழாய்த் தொழிலாளி அண்ணே, ரெஞ்ச் போட்ட ஆட்டத்தில் விட்டிருக்கலாம் என்று நீங்கள் சொன்னது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் என் மனசு மாறவில்லை. உடைத்துப் பார்ப்போம் என்று அவர் கேட்டபோது நான் விட்டிருக்க வேண்டும்.

நேற்றுச் சாயந்திரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். மாமா வீட்டில் இல்லை. அத்தை தேத்தண்ணி கொடுத்தார். பணத்தை அம்மா அத்தை கையில் வைத்தார். என்ன பணம் என்று அத்தைக்குத் தெரியவில்லை. 700 வெள்ளி கொடுத்ததை மாமா வீட்டில் சொல்லவே இல்லை. அந்த இடத்தில் நான்தான் நடந்ததை முதலில் இருந்து சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லி முடிக்கும்வரை அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை, கையில் இருந்த கவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராத்திரி ஒன்பது மணிக்கு மாமா போன் பண்ணினார். நான் "மாமா" என்றதுமே தொண்டை அடைத்துவிட்டது. அவர் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. "அக்கா பிடிக்கிற கைப்பிடி ஆடுதா?" என்று கேட்டார். ஆடவில்லை என்றேன். "சுவரைத் திறந்தாங்களே, உள்ள என்ன பைப்பு போட்டாங்க? அரை இஞ்சா, முக்கால் இஞ்சா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு, போனைக் காதில் வைத்தபடியே அடுப்படிக்குப் போனேன்.