போல் 3 படகின் வரைபடம் யாரிடமாவது இருக்கிறதா?

நண்பர்களே, வணக்கம். நார்வேயின் போல் 3 படகை மரத்தில் மாதிரியாகச் செய்துகொண்டிருக்கிறேன். 1926-இல் கட்டிய திமிங்கில வேட்டைப் படகு, வெறும் 214 டன். போர்க் காலத்தில் கடற்படை அதில் 76 மி.மீ. பீரங்கி ஒன்றைப் பொருத்தி, ஓஸ்லோ கடற்கழியின் வாசலில் காவலுக்கு நிறுத்தியது.

1940 ஏப்ரல் 8 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் வரிசை உள்ளே வந்தபோது முதலில் எதிர்த்து நின்றது இந்தச் சின்னப் படகுதான். எச்சரிக்கைக் குண்டு சுட்டது, அல்பட்ராஸ் என்ற கப்பலோடு மோதியது. போல் 3-இன் கேப்டன் லெய்ஃப் வெல்டிங் ஓல்சென் அன்றிரவே உயிரிழந்தார். அவரை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது. அதனால்தான் ஏனோதானோவென்று செய்ய மனம் வரவில்லை.

சரி, சிக்கல் முன்பக்கத்தில். வேட்டைப் படகுகளில் ஹார்ப்பூன் துப்பாக்கிக்கென (திமிங்கிலத்தின் மேல் ஈட்டி எய்வது) உயர்ந்த மேடையும், படகைச் செலுத்தும் சுக்கான் அறையிலிருந்து அதற்கு ஓடிப்போக ஒரு நடைபாலமும் இருக்கும். பீரங்கி வைத்த பிறகும் போல் 3-இல் அந்தப் பாலம் இருந்ததா? 1940-இல் என்ன நிறம்? பக்கவாட்டு வரைபடமோ தெளிவான படமோ வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பகிருங்கள். அதே காலத்து வேறு வேட்டைப் படகின் வரைபடம் கிடைத்தாலும் போதும், அளவைச் சரிசெய்துகொள்வேன்.