சோடியம் பொற்றாசியம் பம்பி: ஓய்வு அழுத்தத்தில் அதன் நேரடிப் பங்கு எவ்வளவு?

வணக்கம். திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். அடுத்த கிழமை நரம்புக்கலப் பாடம் தொடங்க வேண்டும், ஓர் இடத்தில் சிக்கி நிற்கிறேன்.

பிள்ளைகளிடம் சுற்றும் குறிப்புகளில், கலமென்சவ்வில் உள்ள பம்பி 3 சோடியம் அயன்களை வெளியே தள்ளி 2 பொற்றாசியம் அயன்களை உள்ளே எடுப்பதால்தான் ஓய்வு அழுத்தம் (நரம்புக்கலம் ஓய்வில் இருக்கும்போது மென்சவ்வின் இரு பக்கங்களுக்கும் இடையிலான மின்னழுத்த வித்தியாசம்) −70 மில்லிவோல்ற் வருகிறது என்று இருக்கிறது. எனக்கு அது ஒட்டவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பொற்றாசியம் உள்ளே 140, வெளியே 5; சோடியம் உள்ளே 15, வெளியே 150 மில்லிமோல். 37 பாகையில் பொற்றாசியத்துக்கு மட்டும் நேர்ன்ஸ்ற் சமன்பாடு (ஓர் அயனின் செறிவு வித்தியாசத்திலிருந்து அழுத்தத்தைக் கணிப்பது) −89 மில்லிவோல்ற் தருகிறது. சோடியம் ஊடுபுகும் தன்மையை பொற்றாசியத்தின் 0.04 மடங்கு என்று வைத்து பல அயன்களைச் சேர்த்துக் கணிக்கும் கோல்ட்மன் சமன்பாட்டில் போட்டால் −68. பம்பியைச் சேர்க்காமலே!

அப்புறம் 1955இல் ஹொட்ஜ்கினும் கெய்ன்சும் செய்த பரிசோதனையை வாசித்தேன். கணவாய் நரம்பில், ஏ.ரி.பி. (கலத்தின் சக்தி மூலக்கூறு) உற்பத்தியைத் தடுக்கும் டைநைத்திரோபீனோல் கொடுத்ததும் சோடியம் வெளியேறுவது குறைந்தது, கணத்தாக்கங்களோ தொடர்ந்தன. ஆக, செறிவு வித்தியாசத்தைக் காப்பதுதான் பம்பியின் பெரிய வேலை. அதற்கே மூளையின் ஏ.ரி.பி.யில் பெரும்பங்கு போகிறது. இதுவரை சரி. தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் கேட்டேன், "புத்தகத்தில் உள்ளதை எழுதச் சொல்லுங்கோ" என்றார்.

என் கேள்வி இதுதான்: 3:2 விகிதத்தால் பம்பி நேரடியாகச் சேர்க்கும் மில்லிவோல்ற்றை உயர்தர மாணவருக்கு விளங்குகிற மாதிரி எப்படிக் கணக்கிட்டுக் காட்டலாம்?