சாக்கடை மரணங்களுக்கு எதிரான வேலையைக் கைவிடாமல் உங்களை நிற்க வைத்தது எது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தன்னார்வலர், பெங்களூரு:

சாக்கடைக் குழியில் இறங்கி இறந்தவர்களின் குடும்பத்தோடு ஸ்டேஷனுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் அலைவது எங்கள் குழுவின் வேலை. "இதனால என்ன ஆகப்போகுது?" என்று வீட்டில் கேட்பார்கள். பாதி நாள் எனக்கும் அதே கேள்விதான். அப்போதெல்லாம் ஒரு அக்காதான் நினைவுக்கு வருவார்.

கோலார் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த தமிழ்க் குடும்பம். வீட்டுக்காரர் ஓர் அபார்ட்மென்டின் கழிவுத் தொட்டியில் இறங்கினார், விஷவாயு தாக்கி அங்கேயே போய்விட்டார். மறுநாளே கான்ட்ராக்டரின் ஆள் ஒரு கவரோடு வாசலில் நின்றார். "காரியச் செலவுக்கு வெச்சுக்கங்கம்மா, இதுல ஒரு கையெழுத்து மட்டும்." பேப்பர் முழுக்கக் கன்னடம். அக்காவுக்குப் பேச வரும், படிக்க வராது. "படிக்கத் தெரியாததுல கையெழுத்துப் போடமாட்டேன்" என்று சொல்லிக் கவரையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எஃப்.ஐ.ஆரில் கவனக்குறைவால் மரணம் என்று மட்டும் போட்டிருந்தார்கள். பல வழக்குகள் படுத்துவிடுவது இந்த இடத்தில்தான். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஒருவரைத் தொட்டியில் இறக்குவதே, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆவது பிரிவின்படி குற்றம். இறந்தவர் பட்டியல் சாதி என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். சேர்த்துவிட்டால் விசாரணை இன்ஸ்பெக்டர் கையை விட்டு உதவி கமிஷனரிடம் (ஏ.சி.பி.) போய்விடும். போலீஸ்காரர்கள் தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

அக்காவிடம் ஒரு பால் கணக்கு நோட்டு இருந்தது. லிட்டர் கணக்குக்குக் கீழேயே தேதி, யார் என்ன சொன்னார்கள், "7" என்று பிரிவு எண், எல்லாம் பென்சிலில். "அடுத்த வாரம் வாம்மா" என்ற அதிகாரியிடம் நோட்டைத் திறந்து, "போன செவ்வாயும் நீங்கதான் சார் இதையே சொன்னீங்க" என்று படித்துக் காட்டினார். அறையில் இருந்த கிளார்க் சிரித்துவிட்டார். ஃபைல் அன்றைக்கு மேஜை மாறியது.

பிரிவுகள் பிறகு சேர்ந்தன. நஷ்டஈட்டில்தான் இழுபறி. 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்ன 10 லட்சத்தை, 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்திவிட்டது. கீழே இருப்பவர்களோ இன்னும் பழைய தொகையையே பேசுகிறார்கள். மீதிக்காக அலைகிறோம். சமீபத்தில் இன்னொரு வீட்டுக்கு அக்காவும் கூட வந்தார். உள்ளே நுழைந்ததும் அந்தப் பெண்ணிடம் கேட்ட முதல் கேள்வி: "எதுலயாவது கையெழுத்துப் போட்டியாம்மா?"

கே.ஜி.எஃப். (கோலார் தங்கவயல்) காரர், இப்போது பெங்களூரில்:

பெஜவாடா வில்சன் எங்கள் ஊரில் பிறந்தவர். கையால் மலம் அள்ளுவதை நிறுத்தச் சொல்லி 80களில் அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதத் தொடங்கியவர். அதைத் தடுக்கும் முதல் சட்டம் 1993இல் வந்தது. அந்தச் சட்டத்தை அமல்படுத்தச் சொல்லி அவருடைய அமைப்பான சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் உச்ச நீதிமன்றம் போனது 2003இல், தீர்ப்பு வந்தது 2014இல். கையால் மலம் அள்ள வேண்டிய உலர் கழிப்பிடமே எங்களிடம் இல்லை என்று மாநிலங்கள் பிரமாணப் பத்திரம் கொடுக்க, இவர்கள் ஊர் ஊராகப் போய்ப் போட்டோ எடுத்து வந்து மறுத்தார்கள். சோர்வு வந்தால் அந்தப் போட்டோக்களை நினைத்துக்கொள்வேன். ஆனால் ஒன்று, "பொறுமையா இரு, பத்து வருஷம் ஆகும்" என்று அந்த அக்காவிடம் யாரும் ஆறுதல் சொல்லிவிடாதீர்கள். எனக்குக் கோபம் வரும்.

அபார்ட்மென்டில் குடியிருப்பவர், பெங்களூரு:

நான் போராளி இல்லை, ஐ.டி. வேலை. எங்கள் கட்டடத்தில் கழிவை உறிஞ்சும் ஹனி சக்கர் லாரி வரும்போது அடியில் தங்கிய கசடை எடுக்க ஒருவர் இறங்குவது வழக்கம். கமிட்டியில் கேட்டால் "அவங்களே இறங்குறோம்னு சொல்றாங்க சார்" என்கிறார்கள். கூலிக்கு வந்தவர் வேறென்ன சொல்வார்? 2025 ஜனவரியில் பெங்களூரு உட்பட ஆறு பெருநகரங்களில் மனிதரை இறக்கிச் சாக்கடை சுத்தம் செய்வதை உச்ச நீதிமன்றம் தடை செய்த செய்தியைப் பிரின்ட் எடுத்து லிஃப்டில் ஒட்டினேன். கிழித்துவிட்டார்கள். திரும்ப ஒட்டினேன். இப்போது இரண்டாம் மாடி அம்மா ஒருவரும் என் பக்கம். மெஷின் மட்டும்தான், ஆள் இறங்கக் கூடாது என்று கான்ட்ராக்டரிடம் எழுதி வாங்கியவர்கள் இருந்தால் அந்த மாதிரிப் படிவத்தை இங்கே போடுங்கள். ஞாயிறு மீட்டிங்குக்கு வேண்டும்.