பதில்: சதுரங்க நிரல்களில் 'புரூனிங்' – தறிப்பு எனலாமா?

அன்பின் நண்பர்களே,

சதுரங்கம் ஆடும் கணினி நிரல், வரக்கூடிய நகர்வுகளை ஒரு மரத்தின் கிளைகள் போல விரித்துத் தேடும். அதில் சில கிளைகளைப் பார்க்காமலே விட்டுவிடுவதுதான் 'புரூனிங்'. அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற கேள்விக்கு ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> 'களையெடுப்பு' என்றே வைத்துவிடலாம். எல்லாருக்கும் உடனே விளங்கும்.

அக்கரைப்பற்று நண்பர் சொல்வது சரி, எங்கள் பக்கத்து வயற்காரப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லை விளக்கவே தேவையில்லை. ஆனால் களையைப் பிடுங்குகிறவருக்கு அது பயிர் இல்லை என்பது முன்பே தெரியும். சதுரங்க நிரல் விட்டுவிடும் கிளையிலோ சில வேளை வெற்றி நகர்வே இருந்துவிடும். அந்த ஆபத்தை நாம் வைக்கும் சொல் மூடிவிடக் கூடாது.

சதுரங்க நிரல்கள் வலுப்பெற்றது வன்பொருளாலா மென்பொருளாலா என்று இங்கே நடந்த வாதமும் இந்த இடத்தில்தான் வந்து முட்டுகிறது. ஒரு நிலையில் சராசரியாக 35 நகர்வுகள் உண்டு. எதையும் வெட்டாமல் தேடினால், ஓர் அரைநகர்வு (ஒரு பக்கத்தார் ஆடும் ஒரு நகர்வு) கூடுதலாகப் பார்க்க 35 மடங்கு வேகம் வேண்டும். ஏற்கெனவே கண்ட நகர்வை விட மேலானதாக வர முடியாது என்று தெரிந்த கிளையை அத்துடன் விட்டுவிடும் அல்பா-பீற்றா முறையில், நல்ல நகர்வுகள் முதலில் வந்தால், அந்த 35 ஏறத்தாழ 6 ஆகிறது. அதாவது அதன் வர்க்கமூலம். இந்த வெட்டுக்குக் கணித நிறுவல் உள்ளது. எவ்வளவு வெட்டினாலும் கடைசி விடை மாறாது. இன்றைய நிரல்கள் இதற்கு மேலும் போய், 'இது பயன் தராது' என்று ஊகித்தும் வெட்டுகின்றன. அப்போது அந்த எண் 2 அளவுக்கு இறங்குகிறது. அப்புறம் வேகத்தை இரட்டித்தாலே ஓர் அரைநகர்வு கிடைத்துவிடும். ஆக, வாங்கிய வேகம் எவ்வளவு ஆழம் தரும் என்பதை வெட்டும் முறைதான் முடிவு செய்கிறது. இரண்டையும் தனித்தனியாக நிறுத்தி எது பெரிது என்று கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை.

1997இல் உலக வெற்றிவீரர் கஸ்பரோவை 3.5–2.5 என்று வென்ற ஐபிஎம் கணினி டீப் புளூவில் 480 தனிச் சதுரங்கச் சில்லுகள் இருந்தன. நொடிக்கு 20 கோடி நிலைகள் வரை பார்த்தது. 2009இல் புவனஸ் அயர்ஸில் நடந்த போட்டியில், ஒரு கைத்தொலைபேசியில் ஓடிய பொக்கட் ஃபிரிட்ஸ் 4 என்ற சதுரங்க நிரல், 10 ஆட்டங்களில் 9 வெற்றியும் 1 சமநிலையும் பெற்றது. அது பார்த்தது நொடிக்கு 20,000 நிலைகளுக்கும் குறைவு. வேகம் பத்தாயிரத்தில் ஒரு பங்கு! இந்த ஓர் எடுத்துக்காட்டை உயர்தர வகுப்பில் சொன்னால் போதும், பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

(வெட்டு மட்டுமே காரணம் என்று சொல்லவில்லை. 2020இல் ஸ்டொக்ஃபிஷ் 12 என்ற சதுரங்க நிரல், நிலையை மதிப்பிட நரம்பு வலையை (எடுத்துக்காட்டுகளிலிருந்து தானே கற்கும் கணிப்பு முறையை) சேர்த்தபோது, நொடிக்குப் பார்க்கும் நிலைகள் குறைந்தும் வலிமை கூடியது. ஆனால் அந்த நிரலின் ஒவ்வொரு மாற்றமும் தன்னார்வலர்களின் கணினிகளில் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடிச் சோதித்த பிறகே ஏற்கப்படுகிறது. மென்பொருள் வளர்வதற்கும் வன்பொருள்தான் தோள் கொடுக்கிறது.)

சரி, சொல்லுக்கு வருவோம். பொதுச்சொல்லாகத் 'தறிப்பு'. மரம் தறிக்கிறது, கொப்புத் தறிக்கிறது என்று நாங்கள் நாளும் சொல்வதுதான். தேடலை மரம் என்று ஏற்கெனவே ஏற்றுக்கொண்டோம், ஆகவே பொருந்தும். தறி என்றால் நெசவுத்தறிதானே நினைவுக்கு வரும் என்று சென்னை நண்பர் கேட்டிருந்தார். வினையாகத் தறித்தல் என்பதற்கு வெட்டுதல் என்ற பொருள் அகராதிகளில் இருக்கிறது. 'கிளைதறிப்பு' என்று சேர்த்து எழுதினால் அந்தக் குழப்பமும் போய்விடும். அவர் தந்த 'கத்தரிப்பு' நல்ல சொல்தான், ஆனால் அதன் கீழ் இரண்டு வகைகளைப் பிரிக்கும்போது சொல் நீண்டுவிடுகிறது.

அந்தப் பிரிவை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். விடை மாறாத வெட்டு 'உறுதித்தறிப்பு'. விடை மாறக்கூடிய வெட்டு 'ஊகத்தறிப்பு'. எதிராளிக்கு ஒரு நகர்வை இலவசமாகக் கொடுத்துப் பார்த்து, அப்போதும் நம் நிலை வலுவாக இருந்தால் கிளையை விட்டுவிடும் உத்தி இரண்டாம் வகை. பெரும்பாலும் அது சரியாக வேலை செய்யும். எந்தக் காயை நகர்த்தினாலும் கேடு என்ற நிலை இறுதியாட்டத்தில் வரும்போது அதே உத்தி ஏமாந்துபோகும். நிரல் ஏன் அங்கே தவறியது என்று கேட்கும் மாணவருக்கு 'ஊகம்' என்ற சொல்லே பாதிப் பதிலைக் கொடுத்துவிடும்.

1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்கப் பணியில் காரைதீவு விபுலானந்த அடிகள் முன்னின்று உழைத்தார். அவர் பிறந்த எங்கள் கிழக்குக் கரையிலிருந்து வரும் ஒரு வழக்குச் சொல் பொதுத் தமிழுக்குப் போவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

மறுப்பு இருந்தால் இந்தக் கிழமைக்குள் எழுதுங்கள். 'அரைநகர்வு' பற்றி யாரும் மாற்றுச் சொல்லவில்லை, அதையும் இவற்றோடு சேர்த்துக் கலைச்சொல் தொகுப்பில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
கல்லடி, மட்டக்களப்பு