எண்ணெய் பட்ட கைக்கு மாட்டு கொலாஜன் வைக்கச் சொல்கிறார்கள், வைக்கலாமா?

கோட்டையூர்க்காரி:
காரைக்குடிப் பக்கம் பலகாரம் போட்டுக் கொடுப்பது என் தொழில். கல்யாண ஆர்டருக்குத் தேன்குழல் பிழியும்போது அச்சு கைநழுவி இருப்புச்சட்டிக்குள் விழுந்தது. இடது முன்கையில் மணிக்கட்டு வரை எண்ணெய். பக்கத்து வீட்டில் இங்க் ஊற்று என்றார்கள், மாமியார் முட்டை வெள்ளைக்கரு என்றார். நான் குழாயைத் திறந்து கையைக் காட்டிக்கொண்டே நின்றேன்.

மதுரையில் டாக்டர் கொப்புளத் தோலை எடுத்துவிட்டு, ஈரமான ஒரு கொலாஜன் ஷீட்டைப் புண் மேல் விரித்து, உள்ளே காற்று நிற்காமல் தடவி ஒட்டினார். எரிச்சல் அப்போதே பாதி குறைந்தது. இப்போது அது காய்ந்து பழுப்பாகி ஓரத்தில் தூக்குகிறது, பயங்கர அரிப்பு. மணிக்கட்டுக்கு மேலே ஒரு இடம் மட்டும் ஆழமாம். வெள்ளையாக இருக்கிறது, தொட்டால் உணர்ச்சியே இல்லை. அங்கே கொலாஜன் பஞ்சு ஒன்றைப் பதித்து, அப்புறம் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டுமாம்.

ஷீட்டை நானே பிய்த்து எடுக்கலாமா? பஞ்சு மாட்டிலிருந்து வருவதாமே? ஆடு, கோழி, நண்டு, காடை எல்லாம் எங்கள் அடுப்பில் ஏறும், மாடு மட்டும் வாசல்படி தாண்டியதில்லை. மாமியாருக்குத் தெரிந்தால் நான் பிசைந்த மாவைத் தொடமாட்டார். மீன், பட்டு என்று வேறு எதிலும் கிடையாதா?

தீப்புண் வார்டு சிஸ்டர்:
அக்கா, பிய்க்கவே பிய்க்காதீங்க. அடியில் புதுத்தோல் ஏற ஏற ஷீட் தானாகக் கழன்று வரும். தூக்கி நிற்கும் ஓரத்தை மட்டும் கத்தரியால் நறுக்கினால் போதும், அதையும் டிரஸ்ஸிங்குக்குப் போகும்போது செய்யச் சொல்லுங்கள். அடியில் நீர் கோத்து ஆடினாலோ, வாடை வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே போய்க் காட்டுங்கள். சீழுக்கு மேல் கொலாஜன் கிடந்தால் கிருமிக்குத்தான் கொண்டாட்டம்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று: கையைவிட தோல் எடுத்த தொடைதான் அதிகம் வலிக்கும். தயாராக இருங்கள்.

அடையாறு பழசு:
தோல் பதனிடும் துறையிலேயே என் வேலைக்காலம் போனது. அந்த உரிமையில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நம் உடம்புப் புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொலாஜன். மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய அமைப்பு. 1954-இல் அதை நேச்சர் இதழில் எழுதியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்து ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். எக்ஸ்ரே படத்துக்கு அவர்களுக்கு உதவியது கங்காரு வால் தசைநாண்! இழையில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற அமினோ அமிலம் வரும் அந்த அடிப்படை, கங்காருவானாலும் மாடானாலும் மனிதனானாலும் மாறாது. செல், கொழுப்பு, ரத்தம் எல்லாவற்றையும் கழுவி நீக்கிவிட்டு நாரை மட்டும் வைத்தால், நம் உடம்பு பெரும்பாலும் முரண்டு பிடிக்காமல் ஏற்பது அதனால்தான்.

வெறும் நாராக வைத்தால் உடம்பிலுள்ள நொதிகள் சீக்கிரமே தின்று தீர்த்துவிடும். அதற்காக குளுட்டரால்டிஹைடு போன்ற ஒரு ரசாயனத்தால் இழைகளைக் குறுக்கே பிணைக்கிறார்கள். தோல் பதனிடுவதும் அடிப்படையில் இதே வேலைதான். செருப்புக்கு நிறையப் பிணைப்பு, புண்ணுக்குக் கொஞ்சம். அளவு மிஞ்சினால் ரசாயன மிச்சம் புண்ணை உறுத்தும், நம் செல்களும் உள்ளே நுழையாது. இன்னொன்று, அந்தக் காலத்துக் கேட்கட் தையல்நூல் ஆடு மாட்டுக் குடலில் செய்தது. மெதுவாகக் கரைய வேண்டும் என்று அதைக் குரோமியம் உப்பில் ஊறவைத்த வகையும் உண்டு. உங்கள் மாமியாருக்குப் பிரசவத்தில் தையல் போட்டிருந்தால் எந்த நூல் என்று கேட்டுப் பாருங்கள், அம்மா.

டாக்டர் சொன்ன பஞ்சின் முன்னோடி, பாஸ்டனில் ஜான் பர்க் என்ற அறுவை மருத்துவரும் அங்கே பக்கத்திலுள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் (எம்.ஐ.டி.) யானாஸும் உருவாக்கியது. அமெரிக்காவில் 1996-இல் அனுமதி கிடைத்தது. மாட்டுத் தசைநாண் கொலாஜனோடு சுறாக் குருத்தெலும்பிலிருந்து எடுத்த கான்ட்ராய்டின் என்ற சர்க்கரைச் சங்கிலிப் பொருள், மேலே மூடியாக ஒரு சிலிக்கோன் தாள். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது போலத்தான்: துளைகளுக்குள் உங்கள் செல்லும் ரத்தக்குழாயும் ஏறும், சொந்தக் கொலாஜனை உண்டாக்கும், மாட்டுடையது மெல்லக் கரைந்து போகும். இரண்டு மூன்று வாரத்தில் நிறம் சிவப்பிலிருந்து வெளிர் மஞ்சளுக்கு வந்ததும் சிலிக்கோனை உரித்துவிட்டு மெல்லிய தோலை ஒட்டுவார்கள். ஆகவே மாடு உள்ளேயே குடியிருக்காது.

மீன் கொலாஜன் ஷீட்டும் உண்டு, கேட்டுப் பாருங்கள். குளிர்கடல் மீனுடையது நம் உடம்புச் சூட்டிலேயே இளகிவிடும், வெப்பநாட்டு மீனுடையது அதைவிடத் தாங்கும். நண்டோ மீனோ சாப்பிட்டுத் தடித்ததுண்டு என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பட்டில் மேல்பசையான செரிசினை வேகவைத்து நீக்கினால் மிஞ்சும் ஃபைப்ரோயின் உறுதியான சரக்கு. தையல்நூலாகக் காலங்காலமாகப் பழக்கம், ஆனால் கரைய நாளாகும். ஆழ்ந்த புண்ணுக்கு உங்கள் டாக்டர் கைவசம் அது இருக்கும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன்.

தேவகோட்டை சைவம்:
செடியிலிருந்து எடுத்த கொலாஜன் என்று கடையில் பவுடர் விற்கிறார்களே, அதை நீரில் குழைத்துப் பூசினால் ஆகாதா?

அடையாறு பழசு:
செடியில் கொலாஜனே கிடையாது தம்பி. திறந்த புண்ணில் எந்தப் பவுடரையும் போடாதீர்கள். பட்டும் சைவம் என்று நினைக்க வேண்டாம், கூட்டுக்குள் புழு வேகிறது.

கோட்டையூர்க்காரி:
ஐயா, சிஸ்டர், ரொம்ப நன்றி. டாக்டரிடம் கேட்டேன். மேலே ஒட்டும் ஷீட் மீனில் கிடைக்குமாம், ஆழமான இடத்துக்கு மாட்டுப் பஞ்சுதான் அவர் பழகியது. சரி, வையுங்கள் என்றுவிட்டேன். தெரியாத சரக்கில் பரிசோதனை செய்ய எனக்கு இன்னொரு மணிக்கட்டு இல்லை. மாமியாரிடம் மறைக்கவில்லை. “கரைஞ்சிடும்ல?” என்று மட்டும் கேட்டார். தையல் விஷயத்தை நான் எடுக்கவில்லை.

சிஸ்டர், தோல் ஒட்டிய பிறகு எப்போது அச்சு பிடிக்கலாம்? வரிசையாக முகூர்த்தம் வருகிறது.

தீப்புண் வார்டு சிஸ்டர்:
ஒட்டிய தோல் சுருங்கும் அக்கா, மணிக்கட்டை மடக்கி இழுத்துவிடும். ராத்திரி மணிக்கட்டை மடங்காமல் பிடிக்கும் ஸ்பிளின்ட், பகலில் பிசியோ, இறுக்கமான உறை, தேங்காய் எண்ணெய் தடவி அழுத்தித் தேய்ப்பது, எல்லாம் மாதக்கணக்கில் ஓடும். ஒட்டிய இடத்தில் சூடு சரியாகத் தெரியாது, அதனால் அடுப்பு முன்னால் இப்போதைக்கு நிற்கக் கூடாது. இந்தச் சீசனுக்கு அச்சு பிடிக்க ஆள் வையுங்கள், நீங்கள் அடுப்பிலிருந்து தள்ளி உட்கார்ந்து பாகு பதம் சொல்லுங்கள்.