எல்ஜின் பெய்லர் (லேக்கர்ஸ் அணியின் பழைய கூடைப்பந்து வீரர்) – உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

லேக்கர்வெறியன்:
போன கோடையில் லாஸ் ஏஞ்சலஸ் அரங்கத்துக்கு வெளியே சிலைகளைப் பார்க்கப் போனேன். பிற்கால லேக்கர்ஸ் நட்சத்திரங்கள் மேஜிக், கரீம், ஷாக் முன்னால் போட்டோவுக்குக் கூட்டம். பெய்லர் பக்கம் ஆளே இல்லை. அந்தச் சிலையே 2018-இல்தான் வந்தது, ரொம்ப லேட். லேக்கர்ஸ் ஜெர்சி போட்ட ஒரு பையன் அப்பாவிடம், "இவருக்கு எத்தனை ரிங்?" என்றான், அதாவது எத்தனை கோப்பை என்று. "ஒண்ணும் இல்லை" என்றார் அப்பா. அவ்வளவுதான், நகர்ந்துவிட்டார்கள். 1962 ஃபைனல்ஸ் (அமெரிக்க NBA லீகின் இறுதித் தொடர்), எதிரணி ஊரான பாஸ்டனில் போய் ஒரே ஆட்டத்தில் 61 பாயிண்ட்! ஃபைனல்ஸில் அதை இன்றுவரை ஒருத்தரும் தாண்டவில்லை. கூப்பிட்டுச் சொல்ல வாய் வரை வந்தது.

மினசோட்டா மாமா:
நான் பெய்லரைப் பார்க்கவில்லை, பார்த்தவரைப் பார்த்தேன். என் பழைய ஆபீஸில் ரிட்டயர் ஆகவிருந்த ஒருவர். லேக்கர்ஸ் மினியாபொலிஸில் இருந்த காலத்தில் சின்னப் பையன். கான்டீனில் எழுந்து நின்று தலையை வெடுக்கென்று ஒரு பக்கம் வெட்டிக் காட்டினார். பெய்லருக்கு அது தானாக வரும் நரம்புத் துடிப்பு. எதிரே நிற்பவனுக்கு அது ஏமாற்றா, நிஜமா என்று புரிவதற்குள் ஆள் எழும்பிவிடுவாராம். தடுக்கக் குதித்தவன் தரைக்கு வந்த பிறகும் இவர் மேலேயே இருந்து, பந்தைக் கை மாற்றி, கூடைக்குப் பின்னால் இருக்கும் போர்டில் சுழற்றி விடுவாராம். அதையும் செய்து காட்டியதில் காபி முழுக்க என் சட்டையில்.

கணக்கன்:
மாமா, அந்தரத்தில் நின்றார் என்பதையே எல்லாரும் சொல்கிறீர்கள். ஆறடி ஐந்து அங்குல ஃபார்வர்டு (முன்கள வீரர்), ஆட்டத்துக்குச் சராசரி 13.5 ரீபவுண்ட், அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது. அதற்கு ஒரு வார்த்தை கிடையாதா? 1961-62-இல் ராணுவ ரிசர்வ் பணி. லீவு கிடைத்தபோது மட்டும் வந்து ஆடியது 48 ஆட்டம், சராசரி 38.3 பாயிண்ட். அந்த வரியை முதலில் பார்த்த அன்று வேறு வேலையே ஓடவில்லை எனக்கு.
வெறியன், ரிங் கதைக்கு வருவோம். அவர் காலத்தில் அணி 8 முறை ஃபைனல்ஸ் போய்த் தோற்றது. 1971 நவம்பரில் முட்டி தாங்காமல் ஓய்வு பெற்றார். அடுத்த ஆட்டத்தில் தொடங்கி அணிக்கு 33 தொடர் வெற்றி, அந்த சீசனிலேயே கோப்பை! அந்த அப்பாவுக்கு இது தெரியுமா?

கோச் அண்ணா:
பசங்களுக்குப் பெய்லர் கிளிப் போட்டேன். ஒரு பொண்ணு, "இது எல்லாரும் செய்றதுதானே சார்?" என்றாள். பதில் வரவில்லை.
சரி, பிள்ளைகளுக்குக் கற்றுத்தருபவர்களுக்கு ஒன்று. வீடியோவில் குதிப்பதை விட்டுவிட்டு முதல் அடியைப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் ஆளைத் தாண்டிய பிறகுதான் மற்றதெல்லாம். போர்டில் பட்டு உள்ளே விழும் ஷாட்டை இரண்டு கையாலும் பழக்குங்கள். இறங்கும்போது முட்டி மடங்க வேண்டும். 1965-இல் அவருக்கு முட்டிச் சில்லே உடைந்தது, அப்புறம் பழைய வேகம் திரும்பவில்லை. தினமும் குதிக்க விடாதீர்கள், நடுவே ஓய்வு கொடுங்கள். ஷூ விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

லேக்கர்வெறியன்:
அண்ணா, ஷூ பற்றி யார் கேட்டது?

மினசோட்டா மாமா:
கணக்கன், ரீபவுண்டையும் சேர்த்துக்கொள்கிறேன், போதுமா? ஆனால் அந்தப் பெரியவர் குரல் மாறியது வேறு இடத்தில். 1959 ஜனவரி, மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ்டன். கறுப்பின வீரர்களுக்கு ஹோட்டலில் அறை தரவில்லை. பெய்லர் ஆட மறுத்து, சாதாரண உடையில் பெஞ்சில் உட்கார்ந்தார். அது அவருக்கு முதல் சீசன்! நான் இதை 61-க்கு மேலேதான் வைப்பேன், நீங்கள் சண்டைக்கு வந்தாலும் சரி.